உஷார்! காசு முடையில் கட்டைவிரலை நீட்டாதீர்கள்

கோலார் தங்கவயல் மக்களே, இந்த வாரம் உங்கள் குடியிருப்பு லைனுக்குள் யாராவது கைரேகைக் கருவியோடு வந்து, "ஆதார் கொடுங்க, விரலை வைங்க, பத்து நிமிஷத்துல அக்கவுண்ட்ல பணம்" என்று சொன்னால், தயவுசெய்து விரலை மடக்கிக்கொள்ளுங்கள். கடனே வேண்டாம் என்று சொல்லும்படி நான் கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஐந்து கடன். ரெண்டு குழு லோன், ஒரு தண்டல், அடகுக்கடையில் ஒரு ஜோடி கம்மல், மளிகைக்கடையில் எழுதி வைத்த பாக்கி. எந்தக் கிழமை எந்த டியூ என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். கணக்குத் தெரியாதவர் அல்ல. குழுவின் நோட்டை எழுதுவதே அவர்தான். ஒரு பைசா பிசகாது. அப்படிப்பட்டவர் ஆறாவதாக ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் 40,000 ரூபாய், கைக்கு வந்தது 37,200. காப்பீடு, கட்டணம் என்று மீதியைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவர் கையெழுத்திட்ட தாளிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

"எப்படிக்கா பாக்காம விட்டீங்க?"

"கண்ணுல பட்டுச்சு தம்பி. மண்டையில ஏறல."

அக்கா சொன்ன அந்த வார்த்தையைத்தான் பொருளாதார ஆய்வாளர்கள் பத்துப் பதினைந்து வருடங்களாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கியமான அளவையை எடுத்ததும் நம் பக்கத்து மாநிலமான தமிழ்நாட்டில்தான். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஆய்வு செய்தவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ். இவர்களில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா போனவர். கட்டுரை 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

கரும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கரும்புக்காரருக்கு வருமானம் வருடத்துக்கு ஒரு தடவை. வெட்டுக்கு முந்தின மாதங்களில் கையில் காசு இருக்காது. வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகு இருக்கும். ஆலை எல்லோருடைய கரும்பையும் ஒரே வாரத்தில் வாங்க முடியாது, அதனால் வெட்டு நாள் ஆளுக்கு ஆள் மாறும். ஆக, அதே மனிதர், அதே மூளை, அதே நிலம். மடி மட்டும் ஒரு முறை காலி, ஒரு முறை நிறைவு. இரண்டு முறையும் அவருக்குப் படிப்பறிவு தேவைப்படாத புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் பத்துக்குச் சராசரியாக 4.35 சரி. வெட்டுக்குப் பின் 5.45. யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. கவலை இறங்கியது, அவ்வளவே.

அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கிய எண் வேறு. வெட்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். வெட்டுக்குப் பின் 4 சதவீதம். அதாவது ஒரு மனிதரின் தலை எப்போது மிகவும் மங்கியிருக்கிறதோ, சரியாக அப்போதுதான் அவர் அடகுக்கடை வாசலில் நிற்கிறார். வட்டி, கெடு, ஏலம் என்று மூன்றையும் கூர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய அதே நாளில்தான் பார்க்கும் சக்தி குறைந்திருக்கிறது. உஷார் என்று நான் கத்துவது இதற்குத்தான். இது ஏழைக்குப் புத்தி கிடையாது என்ற பேச்சு அல்ல. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நெருக்கடியில் யாரை உட்கார வைத்தாலும் இப்படித்தான் ஆகும். நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடமும் சோதித்தார்கள். காரைச் சரிசெய்ய 1,500 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள் என்று யோசிக்க வைத்த உடனேயே, வருமானம் குறைந்தவர்களின் புதிர் மதிப்பெண் இறங்கியது. செலவு 150 டாலர்தான் என்று சொன்னபோது இறங்கவில்லை.

மறுப்பும் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. லியாண்ட்ரோ கார்வாலோ, ஸ்டீபன் மையர், ஸ்டெபனி வாங் ஆகியோர் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். மூளையின் வேலையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே "மாதக் கடைசி வந்தாலே மண்டை மழுங்கும்" என்று யாரும் சட்டம் போட முடியாது. சம்பளம் இன்ன தேதிக்கு வரும் என்று தெரிந்து காத்திருப்பதும், எப்போது வரும் என்றே தெரியாமல் ஆறு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் வாய்த்திருப்பது இரண்டாவது வகை. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் கூலியாட்களிடம் செய்த சோதனையும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சிலருக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கையில் கொடுத்தார்கள். துண்டு விலை அதே, வேலை அதே. காசு கிடைத்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகத் தைத்தார்கள், தையலில் கவனப் பிசகும் குறைந்தது. சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சூவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் நால்வரும் செய்த ஆய்வு அது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

2001 பிப்ரவரி 28. பாரத் கோல்டு மைன்ஸ் மூடிய நாள். சுரங்கத்தின் சங்கு நின்ற பிறகு ஊரில் எத்தனை வீட்டில் மாதச் சம்பளம் நின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் கணக்கு முடித்து அப்பா கைக்கு வந்த தொகையில் பாதியை, மாதம் ரெண்டு ரூபாய் வட்டி தருகிறேன் என்ற ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். எந்த வங்கி அப்படிக் கொடுக்கும்? சுரங்கத்தில் பாறை முறியப்போகும் சத்தத்தைக் காதால் கேட்டு, கையிலிருந்த சாமானைப் போட்டுவிட்டு ஓடி வந்து உயிர் தப்பியவர் எங்கள் அப்பா. ஏமாந்த ஆள் அல்ல. ஆனால் அந்த மாதம் அவர் தலைக்குள் நாலு பிள்ளைகளின் படிப்பும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயமும் மட்டுமே இருந்தன. எட்டு மாதம் வட்டி வந்தது, ஒன்பதாவது மாதம் ஆளைக் காணோம். அதற்குப் பிறகு அவர் அந்த மனிதரைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. "நான் எப்படி அதைக் கேக்காம போனேன்" என்று மட்டும் சில ராத்திரிகளில் சொல்வார். அக்கா சொன்ன அதே விஷயம்.

இன்றைக்குத் தங்கவயலில் வேலைக்குப் போவது என்றால் பெங்களூருக்குப் போவதுதான். விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலைப் பிடித்து, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நெருக்கியடித்து ஏறி, பங்காரப்பேட்டை வழியாகப் போய், ராத்திரி வீடு திரும்பும் பிள்ளைகள். இவர்களுக்குக் குழு லோன் கிடையாது. கைப்பேசி செயலிதான் கடன்காரர். ராத்திரி ரயிலில் தூங்கி வழியும் கண்ணோடு "5,000 ரூபாய் உடனே" என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் தூக்கத்தை அளந்த ஆய்வு 2021-ல் வந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். ராத்திரித் தூக்கத்தில் அரை மணி கூட்டியதால் வேலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பகலில் போட்ட குட்டித் தூக்கம்தான் வேலைக்கும் மனசுக்கும் உதவியது. எட்டு மணி நேரம் படுப்பவருக்கே அந்தக் கதி என்றால், நாலு மணிக்கு எழுந்து ஓடும் நம் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தம்பி, தங்கச்சி, ரயிலில் எதை வேண்டுமானாலும் பாருங்கள். கடன் செயலியை மட்டும் திறக்காதீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு, விடுமுறை நாளில், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சட்டமே உங்களுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் வாங்கிய பிறகும் மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். செயலாக்கக் கட்டணம் வேண்டுமானால் பிடிப்பார்கள். முக்கிய விவரத் தாள் என்று ஒன்றைக் கடனுக்கு முன்பே உங்களிடம் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் கைப்பேசியில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடவே கூடாது. அனுமதி கேட்டாலே அது விதியை மீறும் செயலி, தூக்கி எறியுங்கள்.

தண்டல் கணக்கை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 10,000 ரூபாய்த் தண்டல். முன்பணமாக 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார். தினம் 100 ரூபாய், 100 நாள். "பதினைஞ்சு பர்சென்ட்தானே" என்று தோன்றும். இல்லை. கைக்கு வந்தது 8,500. அதுவும் முழுசாக நூறு நாள் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணத்தைத்தான் நீங்கள் அனுபவிக்கிறீர்கள். வருடக் கணக்குக்கு மாற்றினால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். நோட்டு எழுதும் நம் அக்காவுக்கு இதை ஐந்து நிமிடத்தில் புரிய வைத்தேன். நான் வைத்தேன் என்று சொல்வது தப்பு. பாதியிலேயே பேனாவை வாங்கி அவரே போட்டு முடித்துவிட்டார். டியூ இல்லாத ஞாயிற்றுக்கிழமை அது.

சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையின் கணக்கு இன்னும் மோசம். தள்ளுவண்டிக்காரர்கள் காலையில் 1,000 ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து, சாயங்காலம் 1,050 கட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 5 சதவீதம். தினம் லாபத்தில் 5 ரூபாயை மட்டும் எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவு குறைவாகக் கடன் வாங்கினால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து 50 நாளில் கடனே தேவைப்படாது. காகிதத்தில் இவ்வளவு சுலபம். அப்படியானால் ஏன் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். அடைத்த ஆறு வாரத்துக்குள் பெரும்பாலானோர் மறுபடி கடனில். ஒன்றிரண்டு வருடம் கழித்து, உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, எவ்வளவு கொடுத்தாலும் திருந்த மாட்டாங்க" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு சாவு, ரெண்டு நாள் மழை. ஏதாவது ஒன்று வந்தால் போதும். கடன் போனாலும் கையிருப்பு வரவில்லையே, அவர் வேறு எங்கே போவார்? நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை வேறு: "உங்க எல்லாக் கடனையும் நாங்களே மூடிடறோம், எங்ககிட்ட ஒண்ணு மட்டும் கட்டுங்க" என்று வருபவரிடம் மிக மிக உஷாராக இருங்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்றாக்குவது எப்போதும் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் நாள்பட்ட கடனில் இருந்த 196 ஏழைகளுக்கு ஒரு தொண்டு அமைப்பு கடனை அடைத்தது. ஓங் ச்சியான், வால்டர் தெசீரா, ஐரீன் இங் மூவரும் அவர்களைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் எழுதினார்கள். கவனச் சோதனையில் தவறுகள் குறைந்தன, பதற்றம் குறைந்தது. நிவாரணமாகக் கிடைத்த தொகை ஒரே அளவாக இருந்தாலும், எத்தனை கடன் கணக்குகள் முழுசாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்துத்தான் மனம் இலகுவானது. பத்தாயிரத்தில் ஐந்து கடன் இருப்பது, ஐம்பதாயிரத்தில் ஒரு கடன் இருப்பதைவிடத் தலைக்குப் பாரமாக இருக்கலாம். அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒன்றாக்கலாம். அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ செய்யுங்கள். பழைய ஒவ்வொரு கடனுக்கும் பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்குங்கள். வாங்கிய பிறகே புதியதற்குத் தவணை கட்ட ஆரம்பியுங்கள். பழையது மூடாமல் புதியது சேர்ந்தால் ஐந்து ஆறாகும், வேறொன்றும் நடக்காது. அடைப்பதாக இருந்தால் முதலில் சின்னதை முழுசாக அடைத்து, சுவரிலிருந்து ஒரு வரியைக் கிழியுங்கள். வட்டிக் கணக்குப்படி இது சரியா என்று கேட்டால், அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதுதான் லாபம். நம் ஊரில் பெரும்பாலும் சின்னக் கடன்தான் அதிக வட்டிக் கடனும். அதனால் ரெண்டும் ஒன்றுதான்.

குழு லோனிலும் விதி இருக்கிறது. 2022-லிருந்து ரிசர்வ் வங்கி சொல்வது: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரவோ போன் செய்யவோ கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, "கட்டினாதான் எழுந்திருப்போம்" என்று சொல்வது உரிமை அல்ல, விதிமீறல். கர்நாடகத்தில் வசூல் தொல்லையால் அடுத்தடுத்துத் தற்கொலைகள் நடந்த பிறகு, 2025 பிப்ரவரியில் அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. கட்டாய வசூலுக்குப் பத்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வந்தவரின் அடையாள அட்டையைப் படமெடுத்து வையுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், லைனே சேர்ந்து போங்கள். செயலிக்காரன் மிரட்டினால், படத்தை மாற்றி அனுப்புவேன் என்றால், ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

1930 தங்கவயலுக்குப் புது எண் அல்ல. அந்த வருடம்தான் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய முயன்றது; நம் தாத்தாக்கள் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. அப்போது அவர்களுக்குத் தொழிற்சங்கம்கூட இல்லை. அந்த விரல் எதற்கு, யாரிடம் போகும், பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் வைக்க மாட்டோம் என்றார்கள். இன்றைக்கு அவர்களின் பேத்தி, வாசல்படியில் உட்கார்ந்து, பால் பொங்குகிறதா என்று அடுப்பையும் பார்த்துக்கொண்டு, யாரோ நீட்டிய கருவியில் விரலை வைக்கிறாள்.

அக்காவிடம் போன வாரம் இன்னொருவர் வந்தார். ஏழாவது கடன், மருமகள் பெயரில். ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் கூடாது என்று 2025-லிருந்து நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பே வரம்பு வைத்திருப்பதால், இப்போது வீட்டில் இருக்கும் அடுத்த பெயரைத் தேடுகிறார்கள். நான் திண்ணையில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"தாளைக் குடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை படிச்சிட்டுச் சொல்றேன்."

"இன்னைக்கு மட்டும்தான்கா இந்த ஆஃபர்."

"அப்போ வேணாம்."

அவர் தாளைக் கொடுக்காமலே போய்விட்டார். அக்கா வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் 6,000 ரூபாய் குறைகிறது. தவணையாகக் கட்ட விடுவார்களா என்று கேட்க நாளை நானும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம்.